ஏழாவது நூல்

கடைசியாக வந்த அணிக்கே முதல் தேர்வு என்று விதி எழுதி வைத்த புண்ணியவான் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும் என்று இசக்கியம்மாள் அன்று காலையிலிருந்து நாலு தடவை நினைத்துவிட்டாள். மூன்று வருஷமாகத் தோற்றுத் தோற்றே பெயர் வாங்கிய அணி அவளுடையது. தூத்துக்குடி அலைகள். மகளிர் வாலிபால் லீக்கில் எட்டு அணிகள், எட்டாவது இடம் இவர்கள் பேருக்குப் பட்டா. அவள்தான் பயிற்சியாளர். பட்ட அவமானத்துக்கெல்லாம் சேர்த்து இன்று ஒரு பலன் வந்திருந்தது. சென்னையில் நடக்கும் வீராங்கனைத் தேர்வில் முதலில் கை தூக்குகிற உரிமை அவளுக்கு.

யாரைக் கேட்கப் போகிறாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கீழக்கரை மெஹருன்னிசா, இருபது வயது, செட்டர். வாலிபாலில் செட்டர்தான் எல்லாம். வருகிற பந்தை விரல்நுனியில் வாங்கி, அடிக்கப் போகிறவளுக்கு அந்தரத்தில் எடுத்து வைப்பவள் அவள். ஒரு வாரமாகத் தொலைக்காட்சிகளில் இதே பேச்சு. ஒரே ஒரு பெண் வந்து ஓர் அணியைக் கரையேற்ற முடியுமா? முடியும் என்று நாலு பேர், முடியாது என்று நாலு பேர், நடுவில் எட்டு பேரையும் பேசவிடாமல் ஒருவர்.

இசக்கிக்கு அந்தக் கேள்வியில் துளியும் அக்கறை இல்லை. அவள் காத்திருந்தது வேறொருவருக்காக. அரங்கத்தின் வெளிக்கூடத்தில், டீ வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் அவர் வந்து நின்றார். அர்த்தநாரி. கொங்கு வேங்கைகள் அணியின் முதலாளி, நாலு முறை கோப்பை வாங்கியவர். அறுபத்து நாலு வயதில் நிமிர்ந்த நடை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு இசக்கி அவருடைய அணியில் ஆடியிருக்கிறாள்.

"நல்லா இருக்கியா அம்மிணி? பாத்து எத்தனை வருசமாச்சு!"

"இருக்கேன் அய்யா. டீ குடிங்க."

"டீயெல்லாம் ஆச்சு. நேரா விசயத்துக்கு வந்துடறேன். அந்தக் கீழக்கரைப் புள்ளைய எனக்கு உட்டுக்குடுத்துரு. பதிலுக்கு என்ன வேணுமோ கேளு."

"உங்க செட்டருக்கு என்னாச்சு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "முட்டி போச்சு. இனி ஆடமாட்டா. மத்த ஆறு புள்ளைங்களும் பந்து வந்தா மரமாட்டம் நிக்குதுங்க. மெஹரோட நூல் ஒண்ணுதான் பழைய நூலை அமுக்கற அளவுக்குப் பலமானதுன்னு டாக்டருங்க சொல்றாங்க."

நூல் என்பது ஆட்டக்காரிகள் வைத்த பெயர். கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையாது. காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், ஒரு கொள்ளு அளவுக்கு இருக்கும். செட்டர் யாருக்குப் பந்து வைக்க நினைக்கிறாளோ, அந்த நினைப்பு பந்து அவள் விரலை விடும் முன்பே அடிப்பவளின் காலுக்குப் போய்விடும். கத்த வேண்டாம், சைகை வேண்டாம். எதிரணி கை தூக்குவதற்குள் பந்து அவர்கள் தரையில் விழுந்து கிடக்கும். பார்க்க அப்படி ஓர் அழகு. ஆனால் ஒரு சீசன் முடிவதற்குள் கால் தன் சொந்தப் புத்தியை மறந்துவிடும். நூலை எடுத்த பிறகும் தரையை விட்டு எழும்ப, ஒரு படி ஏற, ஒரு படி இறங்க, அது அந்த செட்டர் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டே நிற்கும்.

"மரமாட்டம் நிக்காவளா?" என்றாள் இசக்கி. "மூணு மாசத்துல தானா சரியாயிரும்னுல்லா தீர்ப்பாயத்துல சத்தியம் பண்ணுனீய?"

அர்த்தநாரி வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, சீசன் நடுவில், நல்ல பேரம் வந்ததென்று செட்டரை இன்னொரு அணிக்கு அனுப்பிவைத்தவர் அவர். நூல் நறுக்கென்று அறுந்தது. அடுத்த ஆட்டத்தில் ஆறு பெண்கள் வலைக்கு முன்னால் நின்றார்கள், எழும்பவில்லை. அடம் பிடிக்கிறார்கள் என்று அவர் பேட்டி கொடுத்தார். காசு வாங்கிவிட்டார்கள் என்று ஊர் பேசியது. அந்த ஆறு பேரில் ஒருத்தி இசக்கி. இன்னொருத்தி லூர்துமேரி. அவளைப்போல உயரே எழும்பியவள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மறுவருஷம் ஒரு நாள் அவள் பஸ் ஏறப் போனாள். ஓட்டுநர் இல்லாத பஸ், நாலு எண்ணுவதற்குள் கதவு மூடிவிடும். கால் காத்திருந்தது. கதவு முழங்காலைப் பிடித்தது, பஸ் கிளம்பியது. அன்றிலிருந்து இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறாள். வழக்குப் போட்டாள். இரண்டு முறை தள்ளுபடி. இரண்டு முறையும் சாட்சிக் கூண்டில் ஏறி, நூலால் எந்தத் தீங்கும் இல்லை என்று சொன்னவர் இதே அர்த்தநாரி. நூல் செய்கிற கம்பெனியில் அவருக்கும் பங்கு உண்டு.

"கேளு அம்மிணி, என்ன வேணும்?"

"ஒண்ணே ஒண்ணு." இசக்கி வேண்டுமென்றே குரலை உயர்த்தினாள். டீ குடித்துக்கொண்டிருந்த நிருபர்கள் திரும்பினார்கள். "மெஹரோட நூலை நீங்களும் கட்டிக்கிடணும். ஒரு சீசன். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலயும் உங்க புள்ளைங்கள வரிசையா கூட்டிக்கிட்டு மைதானத்தைச் சுத்தி ஓடி வருவீயள்லா? அந்த ஓட்டத்துக்கு மட்டும். ஆறு பேரோட ஏழாவதா."

அந்த ஓட்டம் அவர் அணியின் வழக்கம். அவரே தொடங்கியது. பதினைந்து வருஷமாக ஓர் ஆட்டம்கூடத் தவறியதில்லை.

"என்ன வெளையாடறியா? எனக்கு எதுக்குமா அது?"

"தீங்கு எதுவும் இல்லதான அய்யா?"

பேனாக்கள் எழும்பின. யாரோ கேமராவைத் திருப்பினார்கள். இல்லை என்று சொன்னால் நூலை மாட்டிக்கொள்ள வேண்டும், மாட்டமாட்டேன் என்றால் பன்னிரண்டு வருஷச் சாட்சியம் பொய்யாகிவிடும். அர்த்தநாரிக்கு அது புரிய அரை நிமிஷம் பிடித்தது. அந்த அரை நிமிஷத்தை இசக்கி ரசித்தாள். இவ்வளவு ருசியாக அவள் எதையும் அனுபவித்து நாளாகியிருந்தது.

"அதுக்கென்ன, கட்டிக்கிட்டாப் போச்சு" என்று அவர் சிரித்தார். "நம்ம புள்ளைங்களோட சேர்ந்து ஓடறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணுமல்லோ!"

அரங்கத்தில் பெயர் கூப்பிட்டபோது இசக்கி எழுந்து, முதல் தேர்வைக் கொங்கு வேங்கைகளுக்கு விட்டுத்தருகிறோம் என்றாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அது அரங்கம் முழுக்கப் பரவியது.

*

தூத்துக்குடியில் யாரும் சிரிக்கவில்லை. அணித்தலைவி செல்வராணி பந்தைச் சுவரில் ஓங்கி அடித்தாள். "மூணு வருஷமா அடி வாங்கினது நாங்க. கெடச்ச ஒரே பிள்ளையத் தூக்கி அவருக்கே குடுத்துட்டு வந்திருக்கீய. உங்க பழைய கணக்குக்கு நாங்க என்ன பாவம் பண்ணினோம்?"

உருண்டு வந்த பந்தை எடுத்து இசக்கி கூடையில் போட்டாள். அந்தப் பெண் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை.

வீட்டுக்கு மூன்று படி. இசக்கி கீழே வந்து நின்றாள். வாசலில் இருந்த லூர்து வழக்கம்போல, "ஏறு" என்றாள். கால் ஏறியது. "ஏறு. ஏறு." இருவரும் ஒரே வீட்டில் இருப்பது இதற்காகத்தான். பஸ் கதவு கடித்த பிறகு அவர்களாகக் கண்டுபிடித்த வைத்தியம் இது. நூல் பேசாத இடத்தில் ஒரு குரல் பேச வேண்டும். ஒரே குரல், தினமும், பக்கத்தில் இருந்து. முதல் நாள் கால் கேட்கவில்லை. கேட்க ஒரு வருஷம் ஆயிற்று. இன்றும் தெரியாத ஆள் சொன்னால் கேட்காது. தனியே வெளியூர் போனால் யாராவது தூக்கித்தான் படியேற்ற வேண்டும்.

"டிவில பாத்தேன்" என்றாள் லூர்து. "சீசன் முடிஞ்சா அந்தப் பிள்ளையோட ஒப்பந்தம் முடியும். நூலை எடுப்பாவ. அந்தாளு கால் நிக்கும். அதானட்டி உன் திட்டம்?"

"அதான்."

"கூட ஆறு பிள்ளைய நிக்குமே?"

"அவளுவளுக்கு ஏற்கெனவே கட்டியாச்சு லூர்து. மெஹர் போகலன்னா இன்னைக்கே நிப்பாளுவ. நான் ஒண்ணும் புதுசாச் செய்யல."

"அர்த்தநாரியும் இதத்தான் சொன்னாரு. நான் ஒண்ணும் செய்யலன்னு." லூர்து காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். "எனக்காகச் செஞ்சேன்னு மட்டும் சொல்லாத."

இசக்கிக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றாலும் மனம் மாறவில்லை. அவர் நிற்பதைப் பார்க்க வேண்டும். அது ஒன்று போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தது அவளுக்கு.

*

நட்சத்திரம் வந்தால் அணி தேறுமா என்று வாதம் செய்தவர்களுக்கு முதல் ஆறு ஆட்டத்தில் பதில் கிடைத்தது. ஆறிலும் கொங்கு வேங்கைகள் ஜெயித்தார்கள். மரமாக நின்ற பெண்கள் மறுபடி பறந்தார்கள். அதைவிடப் பேச்சானது முதலாளியின் ஓட்டம். மெஹர் நினைத்த நொடியில் ஏழு வலது கால்களும் ஒன்றாக எழும்பின. இருபது வயதுக் கால் தனக்கு முளைத்துவிட்டதென்று அர்த்தநாரி பேட்டியில் பூரித்தார். ஓட்டத்துக்கு மட்டும் என்றுதான் பேச்சு. ஆனால் அணி தினமும் விடிந்ததும் மலைப்படி ஏறிப் பயிற்சி செய்யும்போது அவரும் நூலை முடுக்கிவிட்டுக்கொண்டு கூடவே ஏறத் தொடங்கினார். ஆயிரத்துச் சொச்சம் படி. மூச்சு வாங்கவில்லை, முட்டி வலிக்கவில்லை, மெஹரின் கால் இழுத்த இழுப்புக்கு அவர் கால் போயிற்று.

இதை இசக்கி கேட்கவில்லை. அவராகத் தலையை நீட்டினார்.

ஏழாவது ஆட்டம் தூத்துக்குடியில். அலைகள் தோற்றார்கள், சொல்லவா வேண்டும். மறுநாள் காலை மெஹர் இசக்கியின் வீடு தேடி வந்தாள். ஒல்லியான பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். நூல்ல எனக்கு அவங்க கால் எல்லாம் தெரியும். தூங்குறப்பகூட ஏழு பேர் கால் எங்கிட்ட வந்து நிக்குது. இப்ப எழும்பவா, இப்ப எழும்பவான்னு கேக்குற மாதிரி இருக்கு. சீசன் முடிஞ்சு நான் போயிட்டா அவங்க என்ன ஆவாங்க?"

இசக்கி வாயைத் திறப்பதற்குள், முற்றத்தில் உட்கார்ந்திருந்த லூர்து எழுந்து வாசற்படிக்குக் கீழே வந்து நின்றாள். "இப்படி ஆவாளுவ" என்றாள். கால் எழும்பவில்லை. அவள் முகத்தில் வெட்கமும் இல்லை. மெஹர் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இசக்கி, "ஏறு" என்றாள். லூர்து ஏறினாள்.

மெஹர் அழுது முடிக்கும் வரை லூர்து காத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "அறுத்தாத்தான் ஆபத்து. அவிழ்க்கலாம். பத்துப் பந்துல ஒரு பந்துக்கு நூலை ஊமையாக்கு. அந்தப் பந்துக்கு வாயத் தொறந்து பேரச் சொல்லிக் கூப்பிடு. மொதல்ல எழும்பமாட்டாளுவ. விடாத. அடுத்த வாரம் ரெண்டு பந்து. அதுக்கடுத்த வாரம் மூணு. ஒருத்திய ஒருத்தி கூப்பிடப் பழக்கு. எங்களுக்கு இதத்தான் யாரும் செய்யல."

"பாயிண்ட் போகுமே லாத்தா? தோப்போமே?" அவள் ஊரில் அக்காவுக்கு லாத்தா.

"தோப்பீய. நல்லாத் தோப்பீய."

மெஹர் இசக்கியைப் பார்த்து, "ஏழாவது ஆளுக்கு?" என்றாள். "அய்யாவுக்கும் அவிழ்க்கட்டுமா?"

லூர்துவும் இசக்கியைப் பார்த்தாள். ஆம் என்று சொல்லிவிட்டால் லூர்துவுக்குச் சந்தோஷம். அது இசக்கிக்குத் தெரியும். ஆனால் பன்னிரண்டு வருஷம் ஒவ்வொரு படிக்கும் நின்றவள் அவள். கல்யாண மண்டப வாசலில், ஆஸ்பத்திரியில், அப்பாவின் உடலை ஏற்றிய வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

"அவர் கேட்டா அவிழ்" என்றாள். "வாயத் தொறந்து, எனக்குப் பயமா இருக்குன்னு அவர் கேக்கணும். கேக்காம செய்யாத."

*

அதற்கப்புறம் மீதியிருந்த இருபத்தோரு ஆட்டத்தில் கொங்கு வேங்கைகள் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. நல்ல பந்துகள் ஆளில்லாமல் விழுந்தன. மெஹர் பெயர் சொல்லிக் கத்தினாள், பெண்கள் திகைத்து நின்றார்கள், ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நட்சத்திரத்தால் ஒன்றும் ஆகாது என்று முதல் நாளே சொன்ன நாலு பேர் தொலைக்காட்சியில் மீசை முறுக்கினார்கள். அர்த்தநாரி அவளை உட்கார வைக்கவும் முடியவில்லை. அவள் வெளியே உட்கார்ந்தால் ஆறு பேரும் அசையமாட்டார்கள்.

"எதுக்குடா கண்ணு கத்தறீங்க? நூல் இருக்குதல்லோ?" என்று அவர் கெஞ்சினார், மிரட்டினார்.

மெஹராகவே ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். "அய்யா, மலைப்படிக்கு வரப்ப அதை நிறுத்தி வைங்க. உங்களுக்கு வேணாம்." அவர் சிரித்து, நூலுக்குத் தீங்கில்லை என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் முன்னால் ஏறிப் போனார். அவிழ்க்கச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. கேட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடுமே.

இங்கே தூத்துக்குடியில், செல்வராணி இசக்கியிடம் முகம் கொடுத்துப் பேச இரண்டு மாதம் ஆயிற்று. நூல் கட்ட ஆளில்லாத அணி, வாயால்தான் ஆட வேண்டும். "எனக்கு", "உனக்கு", "பின்னால பாரு", "விடு விடு" என்று அவர்கள் போட்ட கூச்சலுக்கு மற்ற ஊர்க்காரர்கள் மீன் ஏலம் என்று பெயர் வைத்தார்கள். கூச்சல் கொஞ்சம் கொஞ்சமாகப் பலித்தது. சீசன் முடிவில் அலைகள் ஐந்தாவது இடம். கோப்பை இல்லை, ஆனாலும் துறைமுகத்து ஆட்கள் வெடி போட்டார்கள்.

எட்டாவது இடத்தில் கொங்கு வேங்கைகள். கடைசி ஆட்டத்தில் மெஹர் நூலை முழுக்க ஊமையாக்கிவிட்டு ஆடினாள். தோற்றார்கள்தான். ஆனால் அந்த ஆறு பெண்களும் ஒருவர் பெயரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு, தங்கள் காலால் தாங்களே எழும்பினார்கள். பார்த்துக்கொண்டிருந்த இசக்கி குனிந்து தன் காலைப் பார்த்தாள். பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது.

மறுநாள் ஒப்பந்தம் முடிந்தது. ஏழு நூல்களையும் எடுத்தார்கள்.

*

நாலு நாள் கழித்து லூர்துவின் வழக்கு மூன்றாம் முறையாகத் தீர்ப்பாயத்துக்கு வந்தது. சாட்சி அர்த்தநாரி. காரில் வந்தார், படியில்லாத பின்வாசல் வழியாகச் சமதரையில் கம்பீரமாக நடந்து வந்தார். நூலால் தீங்கில்லை என்று மறுபடி சொல்லப் போகிறார் என்று அவருடைய வக்கீல் எழுந்து சொன்னார்.

சாட்சிக் கூண்டுக்கு ஒரே ஒரு படி. ஒரு சாண் உயரம் இருக்கும். அர்த்தநாரி அதன் முன்னால் நின்றார்.

"ஏறுங்க சார்" என்றார் பணியாளர்.

அவர் நின்றார். கைப்பிடியைப் பற்றினார். நெற்றி வியர்த்தது. உடம்பு முன்னால் சாய்ந்தது, கால் மட்டும் தரையை விடவில்லை. பணியாளர் மறுபடி சொன்னார். வக்கீல் காதருகே வந்து ஏதோ கிசுகிசுத்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி அந்தக் காலையே பார்த்தார். அப்புறம் லூர்துவின் காலைப் பார்த்தார். சாட்சி வாய் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

இசக்கி கண் இமைக்காமல் பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் இதற்காகத்தான் பசித்திருந்தாள். சந்தோஷமாக இருந்தது. மிகவும் சந்தோஷமாக இருந்தது.

மனுதாரர் பக்கம் நியாயம் இருப்பதாகக் குறித்துக்கொண்டு, மருத்துவக் குழுவுக்கு உத்தரவிட்டு, நீதிபதி எழுந்தார். கூட்டம் கலைந்தது. பின்வாசலைப் பூட்டியிருந்தார்கள், முன்வாசலில் நாலு படி இறங்க வேண்டும். படியின் உச்சியில் அர்த்தநாரி நின்றுகொண்டிருந்தார். தூக்கிக்கொள்ள வந்த டிரைவரைக் கையால் தள்ளினார். அவரைத் தாண்டி வந்து இசக்கியும் நின்றாள்.

"இறங்கு" என்றாள் லூர்து. இசக்கி இறங்கினாள். கீழிருந்து திரும்பி, "இறங்கு" என்றாள். லூர்து இறங்கினாள்.

அர்த்தநாரி பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மிணி" என்றார், குரல் உடைந்திருந்தது. "எனக்கும் அதைச் சொல்லேன். பயமா இருக்குது."

கேட்டுவிட்டார். லூர்துதான் திரும்பி, அண்ணாந்து பார்த்து, மெல்ல, "இறங்குங்க" என்றாள். கால் அசையவில்லை. இன்னொரு முறையும் சொன்னாள்.

"அது அப்படி வராது அய்யா" என்றாள் இசக்கி. "பழகணும். ஒரு வருஷம் ஆகும். பக்கத்துலயே ஒருத்தர் இருக்கணும், ஒரே குரல், ஒவ்வொரு படிக்கும். கூலிக்கு வந்தவங்க ஒரு மாசத்துல சலிச்சுப் போயிருவாவ. அப்படிச் சொல்ல உங்களுக்கு யாரு இருக்கா?"

அவர் வாயைத் திறந்தார். யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார்.

பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. "ஏறு" என்றாள் லூர்து. இசக்கி ஏறினாள், உள்ளிருந்து அவளைக் கூப்பிட்டாள், நாலு எண்ணுவதற்குள் இருவரும் உள்ளே இருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் இன்னும் படியின் உச்சியிலேயே நின்றுகொண்டிருந்தார், யார் பெயரையோ ஞாபகப்படுத்திக்கொள்ள முயல்கிறவர்போல.